அந்தச் சத்தத்துக்குப் பதிலாக எதைக் கொடுக்கப் போகிறோம்?

அன்புள்ள சல்லித் தாய்மாருக்கும், அம்மம்மாமாருக்கும், முன்பள்ளி ரீச்சர்மாருக்கும்,

விசேட தேவையுள்ள பிள்ளைகளோடு வேலை செய்கிறவள் நான். பேச்சு இன்னும் சரியாக வராமல், ஆனால் ஒரே ஒலியை நாள் முழுக்க எழுப்பிக்கொண்டிருக்கும் பிள்ளைகளைப் பற்றி உங்களோடு பேச வேண்டும் என்று கனநாளாக நினைத்திருந்தேன். "ஈ... ஈ..." என்று இழுக்கும் பிள்ளை, உதட்டைச் சேர்த்து மோட்டார் படகு போல உறுமும் பிள்ளை, ரீவி விளம்பரத்தில் வந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லும் பிள்ளை. இவர்கள் எல்லோரிடமும் நாம் சொல்வது ஒன்றுதான்: "சத்தம் போடாதே." சொன்னதும் அரை நிமிடம் நிற்கும். பிறகு முன்னையதைவிடக் கூடுதலாக வரும். அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

நான் சொல்ல வருவது இதுதான். அந்த ஒலி பிள்ளைக்கு ஏதோ ஒன்றைக் கொடுக்கிறது. அது என்னவென்று கண்டுபிடித்து, அதையே வேறு வழியில் கொடுத்தால் ஒலி குறையும். மாற்றாக எதையும் கொடுக்காமல் ஒலியை மட்டும் பறிக்க நினைத்தால் பிள்ளை தோற்கும், நாமும் தோற்போம்.

இப்படியான பிள்ளை ஊருக்கு ஒன்றுதான் இருக்கும் என்று நினைக்காதீர்கள். கொழும்புப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹேமமாலி பெரேராவும் அவருடன் வேலை செய்தவர்களும் 18 முதல் 24 மாதம் வரையான இலங்கைக் குழந்தைகளைப் பரிசோதித்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், 93 பிள்ளைகளுக்கு ஒருவர் என்ற கணக்கில் ஓட்டிசம் இருப்பதாகக் கண்டார்கள். நகரத்தை ஒட்டிய ஒரு பகுதியில் எடுத்த கணக்கு அது. சல்லி, சாம்பல்தீவு, உப்புவெளி, நிலாவெளி என்று இந்தக் கரையோர ஊர்களை வரிசையாக நினைத்துப் பாருங்கள். "அப்பனும் பிந்தித்தான் பேசினவன்" என்று சொல்லி நாம் தள்ளிப்போடும் பிள்ளைகளில் எத்தனை பேர் இருப்பார்கள்? திரும்பத் திரும்ப ஒலி எழுப்பும் எல்லாப் பிள்ளைக்கும் ஓட்டிசம் என்று நான் சொல்லவில்லை. மற்றப் பிள்ளைகளும் செய்வார்கள், வளர வளர விடுவார்கள். விடாமல் தொடர்ந்து, பிள்ளையின் படிப்பையும் விளையாட்டையும் நித்திரையையும் மறிக்கிற அளவுக்கு வரும்போதுதான் நாம் ஏதாவது செய்ய வேண்டும்.

முதலில் ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். நீங்கள் "தண்ணி வேணுமா?" என்று கேட்கிறீர்கள். பிள்ளை "தண்ணி வேணுமா, தண்ணி வேணுமா" என்று அப்படியே திருப்பிச் சொல்கிறது. கிளிப்பிள்ளை மாதிரிச் சொல்கிறது என்று நாம் சலித்துக்கொள்கிறோம். ஆனால் அதே பிள்ளை தாகம் எடுக்கிற நேரத்தில் குடத்தடியில் நின்று "தண்ணி வேணுமா" என்று சொல்வதைக் கவனித்திருக்கிறீர்களா? அது கேட்கிறது. கேள்வியாக வந்த சொல்லைக் கேட்பதற்கான சொல்லாக வைத்திருக்கிறது. லியோ கானர் என்ற வைத்தியர் 1943இல் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதி ஓட்டிசத்தை உலகுக்கு அறிமுகப்படுத்தியபோதே இப்படித் திருப்பிச் சொல்வதைக் குறிப்பிட்டார். நெடுங்காலம் அதை அர்த்தமில்லாத பழக்கம் என்றே வைத்தியர்கள் பார்த்தார்கள். 1981இல் பரி பிரிசன்ற், ஜூடித் டக்கன் என்ற இருவர் பிள்ளைகளை வீடியோவில் எடுத்து உற்றுப் பார்த்து, சொன்னதைத் திருப்பிச் சொல்வதற்கு ஏழு விதமான பயன்கள் இருக்கின்றன என்று காட்டினார்கள். "ஓம்" என்று சொல்வதற்கு, தன் முறை வந்ததைக் காட்டுவதற்கு, ஒரு பொருளைக் கேட்பதற்கு, தனக்குத்தானே சொல்லி மனதில் ஏற்றுவதற்கு என்று போகிறது அந்தப் பட்டியல். ஆகவே பேச்சுக்காக எழும் ஒலியை எந்த விளையாட்டுப் பொருளாலும் மாற்றப் பார்க்காதீர்கள். பக்கத்தில் இருந்து "தண்ணி வேணும்" என்று சரியான வடிவத்தைச் சொல்லிக் கொடுங்கள், தண்ணீரையும் கொடுங்கள். அவ்வளவுதான் அங்கே செய்ய வேண்டியது.

மற்றது வேறு வகை. யாரும் கேட்காவிட்டாலும், யாரும் பதில் சொல்லாவிட்டாலும் வரும் ஒலி. இதைத் தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. பிள்ளையை அதன் பாட்டுக்கு விளையாட விட்டு, கதவுக்குப் பின்னால் நின்று கேளுங்கள். ஆள் இல்லாத நேரத்திலும் அதே அளவு ஒலி வந்தால், அது உங்கள் கவனத்தை இழுக்க வந்ததல்ல. அமெரிக்காவில் பிரையன் ஐவாட்டாவும் அவர் குழுவினரும் 1982இல் இந்த முறையை ஒழுங்குபடுத்தினார்கள். ஒரு பழக்கம் ஆளோடு இருக்கும்போது எப்படி, வேலை கொடுக்கும்போது எப்படி, தனியே இருக்கும்போது எப்படி என்று மாற்றி மாற்றிப் பார்ப்பது. அவர்கள் பார்த்தது தன்னைத்தானே அடித்துக்கொள்ளும் பிள்ளைகளை. ஒலி எழுப்பும் பிள்ளைகளுக்கும் அதே கேள்விதான் பொருந்தும்: தனியே இருக்கும்போதும் செய்கிறதா? செய்தால், பலன் பிள்ளையின் உடம்புக்குள்ளேயே கிடைக்கிறது.

அந்தப் பலன் எது என்பதை ஆர்னல்ட் ரின்கோவர் 1978இல் அழகாகக் காட்டினார். ஒரு பையன் ஓயாமல் தட்டை எடுத்து மேசையில் சுழற்றுவான், தலையைச் சாய்த்து அது சுழலும் சத்தத்தைக் கேட்பான். ரின்கோவர் மேசைக்கு ஒரு கம்பள விரிப்பைப் போட்டார். தட்டு முன்போலவே சுழன்றது, சத்தம் மட்டும் வரவில்லை. பையன் தட்டை விட்டுவிட்டான். அவனுக்குத் தேவைப்பட்டது சுழற்சி அல்ல, சத்தம். அடுத்த வருடம் வந்த ஆய்வில் அதே சிந்தனையைத் திருப்பிப் போட்டார்கள். சத்தத்துக்காகச் செய்கிற பிள்ளைக்கு இசைப்பெட்டி மாதிரிச் சத்தம் தரும் விளையாட்டுப் பொருளைக் கொடுத்தார்கள், பார்வைக்காகச் செய்கிற பிள்ளைக்குப் பார்வைக்கு விருந்தாகும் பொருளைக் கொடுத்தார்கள். பிள்ளைகள் பழைய பழக்கத்தைக் குறைத்துப் புதிய பொருளோடு விளையாடினார்கள். பின்னால் 2000ஆம் ஆண்டில் கதலீன் பியாசாவின் குழு இன்னொன்றையும் உறுதிப்படுத்தியது: பிள்ளை எந்தப் புலனுக்காகச் செய்கிறதோ அதே புலனுக்கு இரை போடும் பொருள்தான் நன்றாக வேலை செய்கிறது. கையில் கிடைத்த பொம்மை எதுவும் போதாது.

இனி சல்லிக்கு வருவோம். வாயால் வரும் ஒலியில் மூன்று சுவைகள் கலந்திருக்கும். காதுக்குக் கேட்கும் ஓசை ஒன்று. தொண்டையிலும் நெஞ்சிலும் உண்டாகும் அதிர்வு ஒன்று. உதடும் நாக்கும் அசையும் உணர்வு மற்றொன்று. உங்கள் பிள்ளைக்கு எது பிடிக்கிறது என்று பார்ப்பதற்கு வைத்தியசாலைக்குப் போக வேண்டியதில்லை. வாளிக்குள், பானைக்குள், சுவர் மூலையில் முகத்தை வைத்து ஒலி எழுப்பினால் அது எதிரொலியைத் தேடுகிறது. தொண்டையில் கை வைத்துக்கொண்டோ நாடியை எதிலாவது அழுத்திக்கொண்டோ உறுமினால் அதிர்வைத் தேடுகிறது. எச்சில் குமிழி விடுவதும் உதட்டைப் பிர்ர் என்று அடிப்பதும் சட்டைக் கழுத்தைச் சப்புவதும் கூடவே இருந்தால் வாயின் உணர்வைத் தேடுகிறது. காதைப் பொத்திக்கொண்டு ஒலி எழுப்பும் பிள்ளை வேறு கதை. அது வெளிச் சத்தத்தைத் தன் சத்தத்தால் மறைக்கிறது. அதற்குத் தேவை இன்னொரு சத்தம் அல்ல, அமைதியான ஒரு மூலை.

எதிரொலி தேடும் பிள்ளைக்குப் பெரிய சங்கு இருக்கிறது, சிரட்டைகள் இருக்கின்றன, மூடியுள்ள தகரப் பேணிக்குள் சிப்பி போட்டுக் குலுக்கலாம், சின்ன உடுக்கு வாங்கலாம். அதிர்வு தேடும் பிள்ளையை மடியில் இருத்தி, அதன் முதுகு உங்கள் நெஞ்சில் படும்படி வைத்துக்கொண்டு தாழ்ந்த குரலில் தாலாட்டுப் பாடிப் பாருங்கள். அம்மம்மாமார் இதை யாரும் சொல்லிக்கொடுக்காமலே செய்துவந்தவர்கள். மேளத்தின் தோலில் கையை வைத்து இன்னொருவர் மெல்லத் தட்டுவதும் பல பிள்ளைகளுக்குப் பிடிக்கும். வாயின் உணர்வு வேண்டிய பிள்ளைக்குப் பூவரசம் இலையைச் சுருட்டிப் பீப்பீ செய்து கொடுங்கள். ஊதல், சவர்க்கார நுரைக் குமிழி, தடித்த மோர் அல்லது கூழை ஸ்ட்ரோவால் உறிஞ்சுவது, கடிக்க முறுக்கு. சின்னப் பிள்ளைக்குக் கடினமான துண்டுகளைக் கொடுத்து விட்டுவிட்டுப் போகாதீர்கள், தொண்டையில் அடைக்கும். பீப்பீயும் சத்தம்தானே என்று கேட்பீர்கள். ஆம், சத்தம்தான். ஆனால் அது கையில் வாங்கக்கூடிய, திருப்பிக் கொடுக்கக்கூடிய, இன்னொரு பிள்ளையோடு மாறி மாறி ஊதக்கூடிய சத்தம். அதைச் சுற்றி விளையாட்டு பிறக்கும்.

இசையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனெனில் வாயொலிக்கு ஆராய்ச்சியாளர்கள் அதிகம் முயன்று பார்த்தது இசையைத்தான். கனடாவில் மார்க் லனோவாஸ், அமெரிக்காவில் ஜோன் ராப் ஆகியோர் பல ஆண்டுகளாக இதை ஆராய்ந்தவர்கள். 2012இல் அவர்கள் சேர்ந்து வெளியிட்ட ஓர் ஆய்வின் முக்கியச் செய்தி, எந்தப் பாட்டையாவது போட்டால் போதாது, பிள்ளைக்கு எது பிடிக்கும் என்று முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது. பிடித்த பாட்டு ஒலியை நன்றாகக் குறைத்தது. பிடிக்காத பாட்டுக்கு அந்த வலு இல்லை. இந்த ஆய்வுகள் ஒவ்வொன்றிலும் இருந்த பிள்ளைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான், ஆகவே இதை எல்லாப் பிள்ளைக்கும் பொருந்தும் சட்டமாக எடுக்க வேண்டாம். இரண்டு பாட்டுகளை மாற்றி மாற்றிப் போடுங்கள். பிள்ளை எதற்குக் கிட்ட வருகிறது, எது நின்றதும் உங்கள் கையை இழுக்கிறது என்று பாருங்கள். அதுதான் தேர்வு.

இப்போது போன். உங்களில் பலர் இதை ஏற்கெனவே செய்கிறீர்கள்: பிள்ளை ஒலி எழுப்பத் தொடங்கியதும் போனில் பாட்டைப் போட்டுக் கையில் கொடுப்பது. ஒலி உடனே நிற்கிறது. அது ஏன் நிற்கிறது என்பது மேலே சொன்னதிலிருந்து விளங்கும், காதுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. ஆனால் இதில் இரண்டு குறை இருக்கிறது. ஒன்று, கொடுக்கிற நேரம். ஒலி எழுப்பிய பிறகு கொடுத்தால், ஒலி எழுப்பினால் போன் வரும் என்று பிள்ளை படித்துக்கொள்ளும். அப்போது உடம்புக்காக எழுந்த ஒலி, போனுக்காகவும் எழத் தொடங்கும். ஆராய்ச்சியாளர்கள் இசையைக் கொடுத்தது ஒலிக்குக் கூலியாக அல்ல. ஒலி வந்தாலும் வராவிட்டாலும், குறித்த நேரத்துக்குக் கொடுத்தார்கள். நீங்களும் ஒலி வழமையாகக் கூடும் நேரத்துக்கு முன்பே தொடங்குங்கள். இரண்டாவது, திரை. போன் பிள்ளையின் காதை மட்டும் எடுக்காது, கண்ணையும் கையையும் சேர்த்து எடுத்துவிடும். பிள்ளை அமைதியாகிறது, ஆனால் உங்களைப் பார்ப்பதும் நின்றுவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னபடி இரண்டு வயதுக்குக் கீழே திரை வேண்டாம், இரண்டிலிருந்து நாலு வயது வரை நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம். போனைக் கவிழ்த்து வைத்துப் பாட்டை மட்டும் போடுங்கள். பழைய றேடியோ இருந்தால் அது இன்னும் நல்லது. ஹெட்போன் போட்டால் சத்தத்தைத் தாழ்த்தி வையுங்கள். பிள்ளைகளுக்கு வாரத்தில் 40 மணித்தியாலம் கேட்பதென்றால் 75 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது அதே நிறுவனத்தின் அளவு. டெசிபலை அளக்கக் கருவி தேட வேண்டாம், பக்கத்தில் நிற்கும் உங்களுக்கும் ஹெட்போனின் பாட்டு கேட்டால் அது கூடிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ரீச்சர்மாரிடம் ஒரு வேண்டுகோள். ஒரு கொப்பி எடுங்கள். இசையோ விளையாட்டுப் பொருளோ கொடுப்பதற்கு முன் பத்து நிமிடம், கொடுக்கும்போது பத்து நிமிடம், எடுத்த பிறகு பத்து நிமிடம் பிள்ளையைக் கவனித்து, ஒலி இருந்த நிமிடங்களுக்குக் கோடு போடுங்கள். மூன்றாவது பத்து நிமிடத்தைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். சில பிள்ளைகளுக்கு எடுத்த பிறகும் ஒலி குறைந்தே இருக்கும், அவர்கள் வயிறு நிறைந்தவர்கள் மாதிரி. சிலருக்கு எடுத்ததும் முன்னையதைவிடக் கூடும். அப்படிக் கூடினால் அந்தப் பொருள் அந்தப் பிள்ளைக்குச் சரியில்லை, வேறொன்றைத் தேட வேண்டும். கொப்பியில் எழுதாவிட்டால் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

இன்னொரு முறையையும் நீங்கள் கேள்விப்படக்கூடும். வில்லியம் அகேர்னும் அவரோடு சேர்ந்தவர்களும் 2007இல் எழுதியது: பிள்ளை ஒலி எழுப்பும் ஒவ்வொரு தடவையும் ரீச்சர் இடைமறித்து, "உன் பெயர் என்ன?", "இது என்ன நிறம்?" என்ற மாதிரிக் கேள்விகள் கேட்டு, பிள்ளை தொடர்ந்து சரியாகப் பதில் சொல்லும்வரை விடாமல் இருப்பது. அது ஒலியைக் குறைத்தது உண்மை. ஆனால் ஒரு பிள்ளைக்கு ஒரு ரீச்சர் வேண்டும். முழு வகுப்பையும் தனியே வைத்திருக்கும் நம் முன்பள்ளியில் இது நடக்காத காரியம். நடந்தாலும், பேசச் சொல்வதே தண்டனை போல ஆகிவிடும் ஆபத்து இருக்கிறது. பேச்சை நாம் விருப்பத்தோடு வரவழைக்க நினைக்கும் பிள்ளைக்கு இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். வாயில் அடிப்பது, மிளகாய்த்தூளைக் காட்டிப் பயமுறுத்துவது பற்றிப் பேச்சே வேண்டாம். அவை நடக்கின்றன என்பதால்தான் இங்கே எழுதுகிறேன். தயவுசெய்து நிறுத்துங்கள்.

எந்த நேரத்தில் ஒலியைக் குறைக்க முயல்வது, எந்த நேரத்தில் விட்டுவிடுவது? என்னிடம் தாய்மார் அதிகம் கேட்பது இதைத்தான். இரவெல்லாம் கடலில் கிடந்து விடியப்புறம் வரும் தகப்பன் பகலில் நித்திரை கொள்ள வேண்டும். வீடு சின்னது. அந்த நேரத்தில் பிள்ளை உறுமினால் தாய் நடுங்கிப்போகிறாள், பிள்ளைக்கு அடி விழுகிறது. மாரி வந்து கடல் கொந்தளித்தால் எல்லோரும் வீட்டுக்குள்ளேயே, நெருக்கமும் கூடும், ஒலியும் கூடும். இது உண்மையான நெருக்கடி. இந்த நேரத்துக்குப் பீப்பீயைக் கொடுக்காமல், மடித் தாலாட்டு, ஸ்ட்ரோ, தாழ்ந்த பாட்டு என்று அமைதியானவற்றை எடுத்து வையுங்கள். முடிந்தால் அந்த மணித்தியாலத்தில் பிள்ளையை வெளியே கூட்டிப்போங்கள். கடற்கரைக்குப் போனால் கையைப் பிடித்தே இருங்கள். ஓட்டிசமுள்ள பிள்ளைகளுக்குத் தண்ணீரில் ஓர் ஈர்ப்பு உண்டு, நீரில் மூழ்குவது அவர்களின் இறப்புக்கு முக்கிய காரணங்களில் ஒன்று என்று அமெரிக்க ஆய்வுகள் சொல்கின்றன. ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் களப்புமாக இருக்கும் ஊரில் இதை நான் சொல்லாமல் விட முடியாது.

வகுப்பில் கதை சொல்லும் நேரம், சாப்பாட்டு நேரம், இரவு நித்திரைக்குப் போகும் நேரம் ஆகியவையும் குறைக்க முயல வேண்டிய நேரங்கள், ஏனெனில் அப்போது ஒலி பிள்ளையின் நன்மைக்கே குறுக்கே நிற்கிறது. ஆனால் பஸ்ஸில் பக்கத்து ஆள் திரும்பிப் பார்த்தார் என்பதற்காகவும், கலியாண வீட்டில் சொந்தக்காரர் முகம் சுளித்தார் என்பதற்காகவும் பிள்ளையை அடக்க வேண்டாம். ஸ்டீவன் காப் என்ற ஓட்டிசமுள்ள ஆய்வாளரும் அவருடன் இருந்தவர்களும் ஓட்டிசமுள்ள 32 பெரியவர்களிடம் கேட்டு 2019இல் எழுதினார்கள். தாங்கள் திரும்பத் திரும்பச் செய்வது பதற்றத்தை அடக்கவும், உள்ளே பொங்குவதைத் தாங்கிக்கொள்ளவும் உதவுகிறது என்று அவர்கள் சொன்னார்கள். அதை முற்றாக ஒழிக்கச் செய்யும் சிகிச்சைகளை அவர்கள் விரும்பவில்லை. வளர்ந்தபின் பேசக் கிடைத்தவர்களின் வாக்கு அது. பேசக் கிடைக்காத உங்கள் பிள்ளைக்கும் அது பொருந்தும் என்றே நான் நினைக்கிறேன். நாளில் சில நேரம் பிள்ளை தன் ஒலியோடு நிம்மதியாக இருக்கட்டும்.

முத்துமாரி அம்மன் கோயில் பொங்கல் காலத்தில் ஒலிபெருக்கியும் மேளமும் வெடியும் சேரும்போது சில பிள்ளைகள் காதைப் பொத்திக் கத்துவார்கள். அம்மனைப் பார்க்கவிடாமல் செய்கிறது என்று திட்டாதீர்கள். கூட்டம் குறைந்த நேரத்தில் கொண்டுபோங்கள், காதுக்குப் பஞ்சு வையுங்கள், ஒலிபெருக்கிக்கு எதிர்ப்புறமாக நில்லுங்கள். நேர்த்தி வைப்பதும் நூல் கட்டுவதும் உங்கள் நம்பிக்கை, அதில் நான் குறுக்கே வர மாட்டேன். அதோடு கூடவே கிளினிக்குக்கும் போங்கள் என்று மட்டும் கேட்கிறேன்.

ஏனெனில் இவை எல்லாவற்றுக்கும் முன்னே செய்ய வேண்டியது காது பரிசோதனை. சரியாகக் கேட்காத பிள்ளையும் தன் தொண்டை அதிர்வுக்காகவே ஒலி எழுப்பும், சீழ் வடியும் காதின் வலியாலும் முனகும், சூத்தைப்பல் வலியாலும் முனகும். திடீரென்று தொடங்கிய ஒலி என்றால், ஒலியோடு கண் ஒரு புறமாகச் செருகுவதோ, கூப்பிட்டால் சில நொடி எதுவும் தெரியாமல் நிற்பதோ இருந்தால், வலிப்பாக இருக்கலாம். அதற்குப் பாட்டும் பீப்பீயும் மருந்தாகாது, உடனே வைத்தியரிடம் காட்ட வேண்டும். மிட்வைஃப் வரும்போது பிள்ளையின் கிளினிக் கொப்பியைக் காட்டி, பேச்சைப் பற்றி வாய் திறந்து கேளுங்கள். எடையும் தடுப்பூசியும் மட்டும் பார்த்து முடித்துவிட விடாதீர்கள். அவர் வழியாகச் சுகாதார வைத்திய அதிகாரியிடமும், அங்கிருந்து திருகோணமலை ஆஸ்பத்திரிக்கும் கடிதம் வாங்கலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் கொழும்பில் லேடி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது, றாகமவில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் அயதி நிலையம் இருக்கிறது. இரண்டும் எங்களுக்கு நெடுந்தூரம், தமிழில் பேசும் சிகிச்சையாளரைப் பிடிப்பதும் கடினம். அதனால்தான் வீட்டிலும் வகுப்பிலும் நீங்கள் செய்யக்கூடியவற்றை இவ்வளவு விரிவாக எழுதினேன். பேச்சே வராத பிள்ளைக்குப் படங்களைத் தொட்டுக் கேட்கப் பழக்கலாம். சென்னையில் உருவான ஆவாஸ் என்ற செயலி தமிழிலும் இருக்கிறது. அது இல்லாவிட்டால் ஒரு கார்ட்போர்ட் மட்டையில் தண்ணீர், சோறு, வெளியே, போதும் என்று நாலு படம் ஒட்டினாலும் தொடங்கலாம்.

மிட்வைஃபைப் பார்க்கப் போகும்போது ரீச்சர் எழுதிய அந்தக் கொப்பியையும் கையோடு கொண்டுபோங்கள். எந்த நேரத்தில் ஒலி கூடியது, எதைக் கொடுத்தபோது குறைந்தது, எடுத்த பிறகு என்ன நடந்தது என்று அதில் இருக்கும் நாலு பக்கம், பத்து நிமிடம் மட்டும் பிள்ளையைப் பார்க்கும் வைத்தியருக்கு வேறு எவராலும் கொடுக்க முடியாத தகவல்.

அன்புடன்,
திருகோணமலையிலிருந்து ஒரு விசேட கல்வி ஆசிரியை